இலாடம் அறியாத குதிரைகள்

மாணவர்களே,

வரலாற்று நூல்களில் குதிரைப்படை என்னும் சொல்லைப் பலமுறை காண்கிறோம். எத்தனை ஆயிரம் குதிரைகள் இருந்தன, அவை எந்த அரசனுடையவை, எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தன என்பனவற்றை நூல்கள் விரித்துரைக்கும். அக்குதிரைகளின் கால்களைப் பற்றி மட்டும் அவை பெரும்பாலும் பேசுவதில்லை. 400 முதல் 500 கிலோ எடையுள்ள உடல், அதன்மேல் ஏறிய வீரன், அவன் தாங்கிய படைக்கலம் ஆகிய அத்தனை பாரமும் நான்கு சிறு குளம்புகளின்மேல் நின்றது. குளம்பு கெட்டால் குதிரை பயன்படாது. குதிரை பயன்படாவிடில் படையும் இல்லை. ஆதலின், குளம்பைக் காத்த வரலாறும் அரசியல் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

குளம்பைக் காப்பது என்றவுடன் இலாடம் நம் நினைவுக்கு வரும். நம் சிற்றூர்களில் வண்டி மாடுகளுக்கு இலாடம் அடித்ததைப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பர். ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் நகரத் தெருக்களில் குதிரை இலாடத்தின் ஓசை கேட்காத நாளில்லை. எனவே, இலாடம் குதிரையோடு உடன்பிறந்தது போல நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. மனிதன் குதிரையைப் பழக்கி 4,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரும்பு இலாடத்தை ஆணிகொண்டு அடிக்கும் வழக்கத்திற்குத் தெளிவான எழுத்துச் சான்று கிடைப்பதோ கி. பி. 900ஐ ஒட்டித்தான். கிரேக்கரின் குதிரைகளும் அலெக்சாந்தரின் குதிரைகளும் ஆணியடித்த இலாடத்தை அறியாதவை. அவற்றின் குளம்புகள் எவ்வாறு காக்கப்பட்டன என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

முதலில் குளம்பின் இயல்பை அறிந்துகொள்வோம். குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. நகத்தைப் போலவே அது இடைவிடாமல் வளரும். மாதம் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும் என்பர். அடிப்பக்கத்தில், பின்புறமாக, ஆப்பு வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. கவைபட்ட வால் போன்ற அதன் தோற்றத்தைக் கண்ட கிரேக்கர் அதற்குத் தகைவிலான் குருவியின் பெயரையே இட்டனர். குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பாதி சற்றே விரியும். காலைத் தூக்கும்போது சுருங்கும். இவ்வாறு விரிந்து சுருங்குவதால் தரையின் அதிர்ச்சி தணிகிறது. காலின் இரத்த ஓட்டத்திற்கும் அது துணைசெய்கிறது. குளம்பைச் சிலர் மரக்கட்டைபோல் எண்ணுவர். அது உயிருள்ள உறுப்பு. உழைப்புக்கு ஏற்ப உறுதிப்படும், ஈரத்திலும் சோம்பலிலும் நலிந்துவிடும்.

வளர்ச்சியும் தேய்மானமும் ஒத்துச் சென்றால் குளம்புக்குக் கேடில்லை. தேய்மானம் மிகுந்தால் குதிரை நொண்டும். வளர்ச்சி மிகுந்தால் குளம்பு நீண்டு பிளக்கும். இலாடமில்லாமல் குதிரையைக் காக்கும் கலை முழுவதும் இந்த இரண்டையும் ஒத்துச் செல்லவைப்பதிலேதான் அடங்கியுள்ளது.

இக்கலையைப் பற்றி நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள பழைய நூல்களுள் ஒன்றை எழுதியவர் ஏதென்சு நகரத்துச் செனோபன். இவர் சாக்ரட்டீசின் மாணவர். கி. மு. 401ஆம் ஆண்டில் பாரசீக நாட்டின் நடுவே தலைவர்களை இழந்து நின்ற கிரேக்கப் படையினர் பதினாயிரவரைத் தாயகம் நோக்கி நடத்திவந்தவர்களுள் ஒருவர். வாழ்நாளெல்லாம் குதிரையோடு பழகிய அவர், கி. மு. 4ஆம் நூற்றாண்டில் தம்மினும் இளையவர்களுக்காகக் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். குதிரை வாங்கச் செல்பவன் தலையையோ பிடரியையோ முதலில் பார்த்தல் வேண்டா என்கிறார் அவர். காலையே முதலில் பார்க்கவேண்டும் என்கிறார். அடித்தளம் உறுதியற்ற வீடு மேலே எவ்வளவு அழகாயினும் பயனற்றது போல, குளம்பு கெட்ட போர்க்குதிரை வேறு எவ்வளவு சிறப்புடையதாயினும் பயனற்றது என்பது அவர் காட்டும் உவமை. நல்ல குளம்பு தடித்திருக்கும்; உட்குழிந்திருக்கும்; கடினமான தரையில் ஊன்றும்போது தாளம் தட்டியதுபோல் ஒலிக்கும் என்று அடையாளமும் கூறுகிறார்.

நல்ல குளம்புடைய குதிரையை வாங்கியபின் அதனை எவ்வாறு காப்பது? செனோபன் கூறும் வழி மிக எளியது. ஈரமும் வழுக்கலும் உள்ள தரை, இயற்கையிலேயே நல்ல குளம்பையும் கெடுத்துவிடும். ஆதலின் இலாயத்தின் தரை நீர் வடியுமாறு சரிந்திருக்கவேண்டும். குளம்பளவான கற்களை நெருக்கமாகப் பதிக்கவேண்டும். இலாயத்திற்கு வெளியே குதிரையைத் தேய்த்துத் துப்புரவு செய்யும் முற்றத்தில், கையில் அடங்கும் அளவான உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டிப் பாரம் கொட்டிப் பரப்பவேண்டும். ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கலாம். கற்கள் சிதறாதபடி சுற்றிலும் இரும்பு வரம்பு கட்டவேண்டும். இக்கற்களின்மேல் நிற்கும் குதிரை ஈக்கடியாலும் தேய்ப்பவனின் கையாலும் அடிக்கடி காலை மாற்றி மாற்றி வைக்கும். கல் நிறைந்த சாலையில் நாள்தோறும் சிறிது நேரம் நடந்ததற்கு அஃது ஒப்பாகும். குளம்பும் உறுதிப்படும், அடியிலுள்ள மெத்தென்ற பகுதியும் வலிவடையும். குதிரையின் கால்களை நாள்தோறும் கழுவுவதும் வேண்டாம், ஈரம் குளம்புக்கு ஆகாது என்றும் அவர் எச்சரிக்கிறார்.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இரும்பு செனோபனுக்குத் தெரியாத பொருளன்று. அவர் காலத்துக் கொல்லர் வாளும் வேலும் செய்தனர். இரும்பை அவர் கற்களைச் சுற்றி வரம்பாகக் கட்டினார். குதிரையின் காலில் அடிக்கவில்லை. கேடு வந்தபின் மருந்து தேடுவதினும், கேடு வராத தரையை அமைப்பது மேல் என்பது அவர் கொள்கை.

நாள்தோறும் ஆடுமாடுகளைக் காண்பவர்கள் இவ்வுண்மையை வேறு வகையிலும் அறிந்திருந்தனர். செனோபனுக்குப் பின் வாழ்ந்த அறிஞர் அரிஸ்டாட்டில், மேய்ச்சல் வெளியில் வாழும் குதிரைகளுக்குக் கால்நோய் ஒன்றைத் தவிர வேறு நோயில்லை என்றும், கொட்டிலில் கட்டித் தீனியிட்டு வளர்க்கும் குதிரைகளுக்கே பலவகை நோய்கள் வருகின்றன என்றும் விலங்குகளைப் பற்றிய தம் நூலில் எழுதினார். வாற்கோதுமையை அளவின்றித் தின்பதால் வரும் நோயையும் கிரேக்கர் தனிப்பெயரிட்டு அழைத்தனர்.

நம் நாட்டிலும் இவ்வகைக் கவனம் இருந்தது. கௌடலியரின் பொருள்நூலில் குதிரை அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீளமளவாகச் சதுரமான தனியிடம் வேண்டும். அதன் தரையில் வழவழப்பான பலகைகளைப் பரப்பவேண்டும். சிறுநீரும் சாணமும் வெளியேற வழி வேண்டும் என்று அது விதிக்கிறது. ஏதென்சில் கல், இங்கே பலகை. பொருள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: குளம்பு ஈரத்தில் ஊறலாகாது.

எனினும், இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. கி. மு. 326ஆம் ஆண்டில் அலெக்சாந்தரின் படை பியாசு ஆற்றங்கரையை அடைந்தது. எட்டு ஆண்டுகள் ஓயாமல் நடந்த படை அது. அப்போது குதிரைகளின் குளம்புகள் நெடும்பயணத்தால் தேய்ந்துபோயிருந்தன என்று டையடோரசு என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். அப்படை மேலே செல்ல மறுத்ததற்குக் காரணங்கள் பல. படையின் களைப்பைக் காட்ட அவர் எடுத்துரைக்கும் செய்திகளுள் தேய்ந்த குளம்பும் ஒன்று. வளர்ச்சிக்கு ஓய்வு தராமல் தேய்மானத்தை மட்டும் பெருக்கினால் எவ்வளவு நல்ல குளம்பும் தாங்காது.

தேய்மானத்தைத் தடுக்க மக்கள் முதலில் கண்டது கழற்றி மாட்டும் காலணியே. நீண்ட படையெடுப்புகளில் ஒட்டகங்களின் அடி புண்பட்டபோது தோற்காலணி கட்டினர் என்று அரிஸ்டாட்டில் கூறுகிறார். உரோமானியர் புல்லாலும் நாராலும் பின்னிய காலணிகளையும், வாரினால் கட்டும் இரும்புத் தகட்டுக் காலணிகளையும் பயன்படுத்தினர். குளம்பைச் செதுக்கிச் சீராக்குவது அவர்களிடையே ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. கி. பி. 301ஆம் ஆண்டில் டயோக்ளீசியன் பேரரசர் வெளியிட்ட விலைவிதி ஆணை, ஒரு விலங்கின் குளம்புகளைத் திருத்தும் விலங்கு மருத்துவருக்கு 6 தெனாரியசு கூலி என்று வரையறுக்கிறது. அதே ஆணையில் வயல் வேலையாளின் நாட்கூலி, உணவு நீங்கலாக, 25 தெனாரியசு. நான்கு விலங்குகளின் குளம்பைத் திருத்துவோர் ஒரு வேலையாளின் நாட்கூலிக்கு ஏறக்குறைய ஈடான தொகையைப் பெற்றனர் என்பது இதனால் விளங்கும்.

பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ கி. பி. 886 முதல் 912 வரை ஆண்டவர். அவர் பெயரால் வழங்கும் போர்க்கலை நூலில், பிறைவடிவ இரும்பும் அதற்கான ஆணிகளும் குதிரைவீரனுக்கு வேண்டிய பொருள்களுள் இடம்பெறுகின்றன. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இவ்வழக்கம் ஐரோப்பா எங்கும் பரவியது. 1086ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எழுதப்பட்ட நிலக்கணக்கு ஏட்டில், எரஃபோர்டு நகரத்துக் கொல்லர் அறுவரும் அரசரின் இரும்பைக் கொண்டு ஆளுக்கு 120 இலாடங்கள் செய்துதரக் கடமைப்பட்டவர்கள் என்று காண்கிறோம்.

இந்த மாற்றம் ஏன் வந்தது? வட ஐரோப்பாவின் மண் ஈரம் மிக்கது. குளம்பு எளிதில் இளகும். கோட்டைகளுக்குள் நெருக்கமாகக் கட்டப்பட்ட குதிரைகள் சாணத்திலும் சேற்றிலும் நின்றன. கவசம் அணிந்த வீரனின் பாரமும் மிகுந்தது. இளகிய குளம்போடு கல் பாவிய சாலையில் இறங்கிய குதிரைக்கு இரும்பு உடனடித் துணையாயிற்று. அதன் பயனை நாம் மறுத்தல் கூடாது. ஏர் உழவும் பாரவண்டியும் அஞ்சற் பயணமும் அதனால் பெருகின. ஆயினும் இரும்பு வந்தவுடன், தரையைப் பற்றிய கவலை குறைந்தது. ஈரத் தரையில் நின்ற குதிரையையும் இலாடம் அடித்து ஓட்டலாம் என்றால், தரையைத் திருத்துவோர் யார்?

இரும்பின் துணை நாடாத மக்களும் உலகில் இருந்தனர். மங்கோலியரின் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை இலாடமின்றி ஆசியாவின் குறுக்கே ஓடின. அவை இலாயம் அறியாதவை. ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் அலைந்து புல் மேய்ந்தவை. ஒவ்வொரு வீரனும் பல குதிரைகளை உடன்கொண்டு சென்று மாற்றி மாற்றி ஏறியதால் குளம்புக்கு ஓய்வும் கிடைத்தது. ஜப்பானியர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தம் குதிரைகளுக்கு வைக்கோலால் பின்னிய காலணி கட்டிவந்தனர். 1690ஆம் ஆண்டில் அந்நாட்டிற்குச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் கெம்ப்பர், அவை விரைவில் தேய்ந்துவிடுவதையும், வழிநெடுகச் சிற்றூர்களில் புதியன விற்கப்படுவதையும் எழுதிவைத்தார்.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். நம் நாட்டு வெப்பமும் மண்ணும் குதிரை வளர்ப்புக்கு அவ்வளவாக ஏற்றவை அல்ல. ஆதலால் கடல் வழியே குதிரைகளை வரவழைப்பது பண்டுதொட்டு வந்த வழக்கம். பட்டினப்பாலை என்னும் சங்க நூலும் இதனைக் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் காலத்தில், இவ்வாணிகம் உச்சநிலையை அடைந்தது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோ அக்காலத்தில் நம் கடற்கரைக்கு வந்தார். ஒருமுசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வணிகர் குதிரைகளைக் கொண்டுவருவதையும், அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பொன்கொடுத்து வாங்குவதையும் அவர் கூறுகிறார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார்.

காரணம் யாது? குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை என்பது அவர் கூறும் விடை. அவர் குறிப்பிடும் தொழிலாளரை வெறும் இலாடம் அடிப்பவர் என்று நாம் பொருள்கொள்ளலாகாது. அக்கால இத்தாலியில் அச்சொல் குதிரை மருத்துவரையும் குறித்தது. வணிகர் அத்தகையோரைத் தம்முடன் அழைத்துவரவில்லை. வேறு எவரும் இங்கே வராதபடி தடுத்தும் வந்தனர். குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்!

ஏறத்தாழ அதே காலத்தவரான பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு தரும் செய்தி இன்னும் நுட்பமானது. புதிதாக வந்த குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும், நெய் சேர்த்துச் சமைத்த தானியத்தையும் ஊட்டுவர். காய்ச்சிய பாலும் கொடுப்பர். கொழுப்பதற்காக 40 நாள் இலாயத்தில் முளைக்குச்சிகளோடு கயிற்றால் பிணைத்துவைப்பர். பின்பு எவ்விதப் பயிற்சியும் தராமல் வீரர் ஏறி முரட்டுத்தனமாக ஓட்டுவர். விரைவான குதிரைகளும் சிறிது காலத்தில் பயனற்றுப்போகும் என்று அவர் எழுதுகிறார்.

இருவரும் அயல்நாட்டார் என்பதையும், வசாபு தாம் நேரில் காணாமல் பிறர் வாயிலாகக் கேட்டே எழுதினார் என்பதையும் நாம் நினைவில் வைக்கவேண்டும். எண்களில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆயினும், தனித்தனியே எழுதிய இருவரும் ஒரே கேட்டைச் சுட்டுகின்றனர். வசாபு கூறும் பழக்கத்தைச் செனோபன் கூறும் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் குதிரையைக் கற்களின்மேல் நிறுத்திக் காலை அசையச் செய்தார். இங்கே 40 நாள் அசையாமல் கட்டிவைத்தனர். அளவுக்கு மீறிய தானிய உணவு குளம்பின் உட்பகுதியில் வீக்கத்தை உண்டாக்கிக் குதிரையை முடமாக்கும் என்பது இன்றைய விலங்கு மருத்துவம் உறுதியாக அறிந்த செய்தி. பாண்டியர் இரும்பை வாங்காததால் இழக்கவில்லை. குதிரையை வாங்கியவர்கள் குதிரையைப் பற்றிய அறிவைப் பெறாததால் இழந்தனர் என்று கொள்வதே பொருந்தும். நாட்டின் பொன் ஆண்டுதோறும் கப்பலேறியது. அறிவு மட்டும் இறங்கவில்லை.

இரும்பை நம்பிய நாடுகளிலும் பின்னர் ஐயம் எழுந்தது. 1791இல் இலண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் மாணவர்களுள் ஒருவரான பிரேசி கிளார்க்கு, முதன்முதலாக இலாடம் அடிக்கப்படும் ஓர் இளங்குதிரையின் குளம்பை அச்செடுத்துவைத்தார். பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல அதே குளம்பை மீண்டும் மீண்டும் அச்செடுத்து ஒப்பிட்டார். குளம்பு வரவரக் குறுகிவருவதைக் கண்டார். விரிந்து சுருங்கவேண்டிய உறுப்பை விரியாத இரும்போடு ஆணியால் பிணைப்பதே இதற்குக் காரணம் என்று 1809இல் வெளியான தம் நூலில் விளக்கினார். தொழிலாளரும் மருத்துவரும் பலர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா அழியவில்லை.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வினா புத்துயிர் பெற்றது. அமெரிக்காவில் இலாடத் தொழில் புரிந்த ஜேமி ஜாக்சன், நெவாடாப் பகுதியில் கட்டின்றித் திரியும் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டுக் காட்டுவெளிக் குதிரைகள் நாள் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நடப்பதை அளந்தறிந்தனர். அக்குதிரைகளின் குளம்புகளிலும் நோய்க்குறிகள் உண்டு என்பதையும் அவர்களே கண்டு கூறினர். இயற்கை என்ற ஒரு சொல்லைக் கூறிவிட்டு நம் கடமையிலிருந்து நாம் விலகிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

இன்று இலாடமின்றிக் குதிரை வளர்ப்போர் செய்வன யாவை? நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பை அரத்தால் சீராக்குகின்றனர். தானியத்தைக் குறைத்து, உலர்ந்த புல்லை முதன்மை உணவாக்குகின்றனர். தனியே அடைத்துவைக்காமல் மற்றக் குதிரைகளோடு நடமாட விடுகின்றனர். இலாடத்தைக் கழற்றியவுடன் கரடுமுரடான சாலையில் ஓட்டுவதில்லை. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகப் பழக்குகின்றனர். கற்பாதையில் செல்லும்போது மட்டும் இரப்பராலும் நெகிழியாலும் ஆன காலணியை மாட்டிப் பின்பு கழற்றிவிடுகின்றனர். உரோமானியரின் வார்க்காலணியும் ஜப்பானியரின் வைக்கோற் காலணியும் புதிய பொருளில் மீண்டும் வந்துள்ளன. இவையெல்லாவற்றினும் வியப்பானது வேறொன்று. குதிரை நிற்கும் இடத்தில் அவர்கள் உருண்டையான சிறு கூழாங்கற்களைக் கொட்டிப் பரப்புகின்றனர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் செனோபன் எழுதிவைத்த முற்றமே அது.

எல்லாக் குதிரைக்கும் இம்முறை பொருந்தும் என்று நான் கூறவில்லை. பிறவியிலேயே குளம்பு மெலிந்த குதிரைக்கும், நோயுற்ற சில குதிரைகளுக்கும், தார்ச்சாலையில் நாள் முழுவதும் வண்டி இழுக்கும் குதிரைக்கும் இலாடம் தேவைப்படலாம். அதனை முடிவுசெய்யவேண்டியவர் குளம்பைக் கையிலெடுத்துப் பார்க்கும் மருத்துவரே. இலாடம் நல்லதா தீயதா என்று வழக்காடுவது வரலாறு படிப்போரின் வேலையன்று. ஒரு கருவி வந்தபோது எந்தப் பழைய அறிவு மறைந்தது, அம்மறைவுக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்பதே அவர் வேலை. இங்கே விலை கொடுத்தது பேசத் தெரியாத விலங்கு.

மாணவர்களே, இனி நீங்கள் வரலாற்று நூலில் ஆயிரங் குதிரைகள் என்று படிக்கும்போது எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அவை எங்கே கட்டப்பட்டிருந்தன, தரை ஈரமா உலர்வா, என்ன தின்றன, யார் பேணினர் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடிச் செல்பவன் போர்க்களத்திலிருந்து இலாயத்திற்குச் செல்வான். பெயர் எழுதப்படாத குதிரைக்காரனை அங்கே சந்திப்பான். அவன் காலையில் எழுந்து, சாணத்தை அகற்றி, ஒவ்வொரு காலாகத் தூக்கி, இடுக்கில் சிக்கிய கல்லை நீக்கியிராவிடில், எந்த அரசனும் குதிரைமேல் வீற்றிருக்க முடியாது.